155 பஸ்ஸில் போகும் கலியாணம்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு தபாலில் பாதி கமராக்காரர்களுடையதாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே முறைப்பாடுதான்: கடையில் ஒரு கணினி, வீட்டில் ஒரு கணினி, கடையில் திருத்திய படம் வீட்டில் திருந்தாமல் நிற்கிறது. மற்ற வாசகர்கள் இந்த ஒரு தடவை பொறுத்தருள வேண்டும்.

கடை கொட்டாஞ்சேனையில், வீடு வெள்ளவத்தையில். ஒரு கலியாண வீட்டுக்கு மூவாயிரம் படம். பகலில் கடையில் லைட்ரூமில் திருத்துவதை இரவில் வீட்டில் தொடர வேண்டும். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி இறக்கவா?
*இரண்டு சாவிக்காரன், கொட்டாஞ்சேனை*

ஏற்றலாம். அதற்குள் மணமக்கள் நாலாம் சடங்கு முடித்துவிடுவார்கள். ஒரு ரோ ஃபைல் 30 மெகாபைற் என்று வையுங்கள்; மூவாயிரம் படம் 90 கிகாபைற். உங்கள் இணைப்பு விநாடிக்கு 10 மெகாபிற் வேகத்தில் ஏற்றினால் 20 மணித்தியாலம். அதே 90 கிகாபைற்றை ஒரு எஸ்.எஸ்.டி.யில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு 155 ஏறுங்கள். எல்லாச் சந்தியிலும் நின்று, எல்லா நெரிசலையும் பார்த்து, ஒன்றரை மணித்தியாலத்தில் வெள்ளவத்தையில் இறங்கினால் வேகம் விநாடிக்கு 130 மெகாபிற்றுக்கு மேல். கொழும்பு பஸ் ஒன்றை வேகத்துக்காகப் புகழ எனக்கு இனி ஒரு சந்தர்ப்பம் வாய்க்காது.

ஆனால் அந்தப் பயணம் ஒரு கலியாணத்துக்கு ஒருமுறை போதும். லைட்ரூம் உங்கள் ரோ படத்தைத் தொடுவதே இல்லை. வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இந்த மூலையை வெட்டு, முகத்தில் நிழலைக் குறை என்று குறிப்பு மட்டும் எழுதிவைக்கிறது. தையற்காரரிடம் துணி ஒரு பக்கம், அளவுக் கொப்பி ஒரு பக்கம் இருப்பதுபோல. துணி இரண்டு இடத்திலும் ஒன்றேதான். முதல் நாளே இரண்டு கணினியிலும் இறக்கிவிடுங்கள். பிறகு போய்வர வேண்டியது கொப்பி மட்டும். அது ஒரு படத்துக்குச் சில கிலோபைற். மூவாயிரத்துக்கும் சேர்த்தால் சில பத்து மெகாபைற். மாஸ்க் நிறையப் போட்டால் கொஞ்சம் கூடும். குடும்ப வட்ஸ்அப் குழுவின் காலை வணக்கங்கள் அதைவிடக் கனம்.

அந்தக் கொப்பியைத் தேடினேன். படம் இருக்கும் ஃபோல்டரில் காணவில்லையே?
*அதே சாவிக்காரன், அடுத்த தபால்*

இருக்காது. லைட்ரூம் கிளாசிக் எல்லாக் குறிப்பையும் கட்டலொக் என்ற ஒற்றை ஃபைலுக்குள் எழுதும். அது உள்ளே ஒரு எஸ்.கியூ.லைற் தரவுத்தளம். உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு துண்டு. அதற்கு வழி உண்டு: கட்டலொக் செற்றிங்ஸில் மெட்டாடேற்றா பக்கத்துக்குப் போய், மாற்றங்களைத் தானாக எக்ஸ்.எம்.பி.யில் எழுதச் சொல்லும் பெட்டியில் சரி போடுங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ரோ படத்துக்கும் அதே பெயரில் ஒரு குட்டி எக்ஸ்.எம்.பி. ஃபைல் பக்கத்தில் உட்காரும். இரவில் அவற்றை மட்டும் கூகுள் டிரைவ் வழியாகவோ பென் டிரைவிலோ கொண்டுபோய், வீட்டுக் கணினியில் அதே ஃபோல்டரில் போட்டு, படங்களைத் தெரிவுசெய்து, மெட்டாடேற்றா மெனுவில் ஃபைலிலிருந்து வாசிக்கும் கட்டளையை அழுத்துங்கள். பகல் வேலை முழுவதும் வந்து நிற்கும்.

முழுவதும் என்றது கொஞ்சம் மிகை. வெளிச்சம், நிறம், வெட்டு, நட்சத்திரம், குறிச்சொல் வரும். நீங்கள் கட்டிவைத்த கலெக்‌ஷன்கள் வராது. ஒரே படத்துக்குக் கறுப்பு வெள்ளையில் இன்னொரு போலிப் பிரதி வைத்திருந்தால் அது வராது. எந்தப் படியில் என்ன செய்தீர்கள் என்ற வரலாறும் வராது. இன்னொன்று: ஜேபெக்கில் எடுப்பவர்களுக்குத் தனித் துண்டு கிடையாது, குறிப்பு படத்தின் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படும். அவர்கள் முழு ஃபைலையும்தான் காவ வேண்டும்.

எதற்கு இந்தத் துண்டு விளையாட்டு? கட்டலொக்கையே டிரொப்பொக்ஸில் வைத்துவிட்டால் கடையில் அண்ணாவும் வீட்டில் நானும் திறக்கலாம்தானே?
*தம்பி, பாமன்கடை*

திறக்கலாம். ஒருவர் மாறி ஒருவர். அண்ணா லைட்ரூமை மூடி, டிரொப்பொக்ஸ் கடைசி எழுத்தையும் ஏற்றி முடித்துச் சரி அடையாளம் காட்டி, அது உங்கள் பக்கம் இறங்கியும் முடிந்த பிறகு நீங்கள் திறந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அண்ணா “தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று மூடாமல் போன நேரத்தில் நீங்கள் திறந்தால்தான் கூத்து. கட்டலொக் திறந்திருக்கும்போது லைட்ரூம் பக்கத்தில் ஒரு பூட்டு ஃபைல் போட்டுவைக்கும். ஆனால் அந்தப் பூட்டும் டிரொப்பொக்ஸ் வழியாகத்தானே உங்களிடம் வர வேண்டும்? அது வந்து சேருமுன் நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள். மாலையில் ஒன்று இரண்டாகி, ‘முரண்பட்ட பிரதி’ என்ற பெயரோடு இரண்டாவது கட்டலொக் நிற்கும். அண்ணாவின் தாலிகட்டு ஒன்றில், உங்கள் ஆரத்தி மற்றதில். இரண்டையும் கைகோர்க்க வைக்கும் பொத்தான் இல்லை. ஒன்றை மற்றதுக்குள் இறக்குமதி செய்து, எது புதிது என்று படம் படமாகப் பார்க்க வேண்டியதுதான்.

கடைக்குள் நெற்வேர்க் டிரைவில் கட்டலொக்கை வைக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். லைட்ரூம் அதைத் திறக்கவே மறுக்கும். படங்களை அங்கே வைக்கலாம். கட்டலொக் உள்ளூர் டிஸ்க்கில்தான்.

இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் படங்களைப் பங்கு பிரியுங்கள், ஒரே கட்டலொக்கை இருவரும் திறக்காதீர்கள். அண்ணா சடங்கு, நீங்கள் வரவேற்பு. அவரவர் தம் பங்கைத் தனிக் கட்டலொக்காக ஏற்றுமதி செய்து வேலை முடித்து, கடைசியில் மூலக் கட்டலொக்குக்குள் ஒருமுறை இறக்குங்கள். ஒரு படத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே கை. இந்த விடயத்தில் மென்பொருளை விட வாய்ப்பேச்சு நம்பகமானது: “நான் மூடிட்டன், நீங்கள் திறவுங்கோ அண்ணா.”

யூனிற்றி பிளாசாவில் 2 டெராபைற் எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டேன். படம், கட்டலொக் எல்லாம் அதிலேயே. எந்தக் கணினியிலும் சொருகினால் போதும். இனி உங்கள் அறிவுரை தேவையில்லைத்தானே?
*சொருகிப் பிழைப்பவன், பம்பலப்பிட்டி*

தேவையில்லை என்று எழுதியே அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் மூன்றை மட்டும் கேளுங்கள். விண்டோஸ் ஒரு கணினியில் அதற்கு ஈ என்ற எழுத்தையும் மற்றதில் எஃப் என்றும் கொடுத்தால் லைட்ரூம் படங்களைக் காணவில்லை என்று ஃபோல்டரில் கேள்விக்குறி போட்டுக் காட்டலாம். டிஸ்க் மனேஜ்மென்றில் இரண்டிலும் ஒரே எழுத்தைக் கொடுத்துவிடுங்கள், பி நல்ல எழுத்து. ஒன்று மக், மற்றது விண்டோஸ் என்றால் எக்ஸ்ஃபட்டில் ஃபோர்மட் செய்யுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: லைட்ரூம் மூடும்போது எடுக்கும் கட்டலொக் பிரதி, நீங்கள் இடம் மாற்றாவிட்டால், கட்டலொக் இருக்கும் அதே ஃபோல்டருக்குள்ளேதான் விழும். பஸ்ஸில் எஸ்.எஸ்.டி. தவறினால் மூலமும் பிரதியும் கைகோர்த்துக்கொண்டு மட்டக்குளி போய்ச் சேரும். பிரதியின் இடத்தைக் கணினிக்கு மாற்றுங்கள். அறிவுரை முடிந்தது.

எல்லாம் சரியாக ஒத்திசைகிறது. ஆனால் கூறைச்சேலை கடையில் சிவப்பு, வீட்டில் அரக்கு. எந்தக் கணினி பொய் சொல்கிறது?
*நிறக்குழப்பக்காரி, கொட்டாஞ்சேனை*

இரண்டுமே சொல்லியிருக்கும். ஒத்திசைந்தது எண்கள், திரைகள் அல்ல. வீட்டு மடிக்கணினி தன்பாட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறதா, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனேகமாகக் கள்ளன் அங்கேதான். இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு திரையில் வைத்து நிறம் அளக்கும் கருவி ஒன்றை நாலு கமராக்காரர் சேர்ந்து வாங்குங்கள். அது மாதத்துக்கு ஒருமுறைதான் தேவைப்படும், ஆளுக்கு ஆள் கைமாற்றலாம். இரண்டு திரையையும் ஒரே வெளிச்ச அளவுக்கு வையுங்கள். கடல் பக்க ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மாலை ஐந்தரைக்கு எடிட் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் வெள்ளவத்தையில் எல்லாச் சேலையும் அரக்குத்தான்.

போட்டோஷொப்பில் செய்த திருத்தமும் இப்படிக் குட்டித் துண்டாகப் போகுமா?
*அல்பம் அடிப்பவர், ஜம்பட்டா வீதி*

போகாது. அங்கே துணியை வெட்டித் தைத்தாயிற்று. சட்டையைத்தான் காவ வேண்டும். லேயர் கூடக்கூட ஒரு ஃபைல் நூற்றுக்கணக்கான மெகாபைற் வரும். அதனால் மூவாயிரத்தையும் லைட்ரூமில் முடித்து, அல்பத்துக்குத் தெரிவுசெய்த படங்களை மட்டும் போட்டோஷொப்புக்கு அனுப்புங்கள்.

ஒரே அடோபி சந்தாவை இரண்டு கணினியில் போடலாமா?
*சிக்கனம், வெள்ளவத்தை*

தனியாள் சந்தா என்றால் இரண்டில் போட்டு வைத்திருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டிலும் வேலை செய்ய அனுமதியில்லை. பாமன்கடைத் தம்பியும் அண்ணாவும் இந்த வரியை இன்னொருமுறை வாசிக்கவும்.

சந்தா கட்டக் காசில்லை. டொலர் விலை தெரியும்தானே?
*பல்கலைக்கழக மாணவன், கொழும்பு 6*

தெரியும். டாக்டேபிள் என்ற மென்பொருள் இலவசம், உங்கள் விடயத்தில் அது லைட்ரூமை விட ஒரு படி நேர்மையானது, கேட்காமலே ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்.எம்.பி. எழுதிவிடும். தொடங்கும்போது புதிய எக்ஸ்.எம்.பி. வந்திருக்கிறதா என்று தேடச் சொல்லும் ஒரு தெரிவும் அதில் உண்டு. அதைப் போட்டு, சிங்திங் என்ற இன்னோர் இலவச மென்பொருளை இரண்டு கணினியிலும் நிறுவுங்கள். அது நடுவில் எந்த நிறுவனத்திலும் உங்கள் ஃபைலை வைக்காமல் கணினிக்குக் கணினி நேரே அனுப்பும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. டாக்டேபிளில் செய்த திருத்தம் லைட்ரூமில் அப்படியே தெரியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டும் எக்ஸ்.எம்.பி. எழுதினாலும் ஒன்றின் கையெழுத்து மற்றதுக்கு முழுதாகப் புரியாது.

பிக்காசாவில் பேரப்பிள்ளைகளின் படங்களை அழகாக வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். மகன் புதுக் கணினிக்கு மாற்றித் தந்தான். எல்லாம் பழையபடி கோணலாக நிற்கிறது.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹம்டன் ஒழுங்கை*

மகன் படங்களைக் கொண்டுவந்தார், குறிப்பைக் கொண்டுவரவில்லை ஐயா. கூகுள் பிக்காசாவை 2016இல் கைவிட்டது. ஆனால் அது ஒவ்வொரு ஃபோல்டரிலும் பிக்காசா என்ற பெயரில் மறைந்திருக்கும் ஒரு ஐ.என்.ஐ. ஃபைலில் உங்கள் வெட்டுகளை எழுதிவைத்திருக்கும். பழைய கணினியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடவில்லையென்றால் அதில் பிக்காசாவைத் திறந்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் சேவ் கொடுங்கள். திருத்தம் படத்துக்குள்ளேயே பதியும், மூலப்படமும் பக்கத்தில் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். பிறகு மகனை மறுபடி கூப்பிடுங்கள்.

அக்கா ரொறொன்ரோவில், நான் இங்கே. அம்மாவின் பழைய படங்களை இருவரும் சேர்ந்து திருத்த வேண்டும். நாங்கள் கமராக்காரர் இல்லை.
*தங்கச்சி, வெள்ளவத்தை*

இருவரிடமும் அப்பிள் கருவி இருந்தால் ஐகிளவுட்டில் பகிரும் படநூலகம் 2022இலிருந்து உண்டு. ஆறு பேர் வரை சேரலாம், ஒருவர் திருத்தினால் எல்லோருக்கும் மாறும், எப்போது வேண்டுமானாலும் மூலத்துக்குத் திரும்பலாம். இடம் தொடங்கியவரின் கணக்கில் கழியும். ஆகவே அக்காவைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஒத்திசைவு நடுவில் கரண்ட் போனால்?
*இருட்டில் இருந்து, கொட்டாஞ்சேனை*

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் முழு நாட்டுக்கும் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்குக்கு இவ்வளவு முடியுமென்றால் உங்கள் கட்டலொக் எம்மாத்திரம். மேசைக் கணினிக்கு ஒரு யூ.பி.எஸ். அவசியம், றவுற்றருக்கும் சேர்த்து. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் கட்டலொக் பெரும்பாலும் தப்பிவிடும். கரண்ட் வந்ததும் செய்ய வேண்டியது, இரு பக்கமும் ஏற்றி இறக்கி முடியும்வரை லைட்ரூமைத் திறக்காமல் இருப்பது. கஷ்டமானது இதுதான்.

இரண்டு கணினியிலும் ஒரே படம் இருக்கிறதே. அதுவே காப்புப் பிரதிதானே? மூன்றாவது எதற்கு?
*திருப்தியாளன், தெஹிவளை*

தப்பு. கடையில் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் ஒத்திசைவு விசுவாசமாக வீட்டிலும் அழித்துத் தரும். அது தன் வேலையைச் சரியாகச் செய்யும், அதுதான் பயம். அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பீற்றர் குரோக் பரப்பிய கணக்கு 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்.

வேறு இடம் எதற்கு என்று வெள்ளவத்தையில் 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ட வீடுகளில் கேளுங்கள். தளபாடத்தைப் பிறகு வாங்கினார்கள். அல்பத்தை வாங்க முடியவில்லை. அம்மம்மாவின் கலியாணப் படம் இன்று ஒரு வீட்டில் இருக்கிறதென்றால், பல வேளைகளில் அது ஊருக்கோ லண்டனுக்கோ அந்நாளில் தபாலில் போன பிரதி.

மணமகள் “இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்கோ அண்ணா” என்கிறா. இரண்டு கணினியிலும் செய்யவேண்டுமா, ஒன்றில் செய்தால் போதுமா?
*குழம்பிய கமராக்காரன், கொட்டாஞ்சேனை*

ஒன்றிலும் வேண்டாம். மாப்பிள்ளை நேரில் பார்த்துத்தான் தாலி கட்டினவர்.