வளவுக் கத்தரியின் அடக்கவிலை: ஒரு கரையோர ஆய்வு

வீட்டுத்தோட்டம் செலவைக் குறைக்கும் என்ற ஞானம் நமது அரசாங்கங்களுக்குத் தவணை முறையில் பிறப்பது வழக்கம். 2007இல் ‘அப்பி வவமு ரட நகமு’ (பயிர் செய்வோம், நாட்டைக் கட்டியெழுப்புவோம்) என்றார்கள். 2011இல் திவிநெகுமவின் பேரில் விதையும் கன்றும் வந்தன. 2020இல் கொரோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சௌபாக்கியா வந்தது. 2022 ஜூனில் டொலர் தீர்ந்து, எரிபொருளும் தீர்ந்தபோது, அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யட்டும் என்று அமைச்சரவை மூன்று மாதத்துக்கு விடுமுறை கொடுத்தது. இத்தரவுகளிலிருந்து இவ்வாய்வின் முதலாம் விதி பெறப்படுகிறது: திறைசேரி வற்றும் போதெல்லாம் வளவு செழிப்பாகத் தெரியும்.

விதியைக் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் பரீட்சிக்கப் போனதில் உடனே ஒரு சிக்கல். நாட்டில் மண்வெட்டி பிடிக்க ஆகாத கிழமை எது என்று சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ யாரையும் கேட்டுப் பாருங்கள், வெள்ளி என்பார்கள். காலையில் நகம் வெட்ட வேண்டும், முழுக வேண்டும், மின்வெட்டுக்கு முன் உடுப்பு மினுக்க வேண்டும். பிறகு ஜும்ஆ. அதன் பிறகு சோறு. அந்தச் சோற்றுக்குப் பிறகு எந்த ஆய்வாளனும் நிமிர்ந்து நின்றதில்லை. அஸருக்குப் பின் கடற்கரை. ஆகவே அரசு தந்த பகல் முழுவதும் மண் வெட்டுப்படாமலே கழிந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இதற்கும் கல்முனையாரின் பகல் தூக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக நாம் நிறுவ முயலவில்லை.

இனி நிலம். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊர்ச் சபைகள் குடிமக்களுக்குத் தோட்டத்துண்டு வாடகைக்குக் கொடுக்கின்றன. பழைய வழக்கில் ஒரு துண்டு 10 ரொட், அதாவது சுமார் 250 சதுர மீற்றர். ரொட்டும் பேர்ச்சும் ஒரே அளவு. எனவே வெள்ளைக்காரன் கோவாவுக்கும் கிழங்குக்கும் மட்டும் ஒதுக்கிய பரப்பு, நம்மூரில் ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க வாழும் 10 பேர்ச்சஸ் வளவு. அதற்குள் வீடு, கிணறு, குளியலறை, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம், வீட்டு நாட்டாமையின் கதிரை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல். அதில் நெருக்கியடித்த மதில்கள். மதிலுக்கும் குசினிக்கும் இடையில் எஞ்சுவதே ஆய்வுக்களம்.

அந்தக் களமும் ஆய்வாளனுக்குச் சொந்தமில்லை. இக்கரையில் வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளை அங்கே குடிவருவார். பிள்ளைகள் பெருக வளவு பிளக்கும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்து, தாய்வழிக் குடிமுறை பற்றி 2008இல் பெரிய நூலே வெளியிட்டார். சீதனக் காணியில் மாப்பிள்ளை நட்ட கத்தரி யாருடையது என்ற வினாவை மட்டும் நமக்கென்று விட்டுவைத்திருக்கிறார். நமது கண்டுபிடிப்பு: நடும்போதும் தண்ணீர் ஊற்றும்போதும் மாப்பிள்ளையுடையது, காய்த்த பிறகு மாமியுடையது.

அடக்கவிலைக்கு வருவோம். உத்தேசமாக ஒரு கணக்கு: கறுப்புப் பொலித்தீன் பைகள், இரண்டு மூடை மாட்டெரு, எருவின் விலையை விஞ்சிய ஓட்டோக் கூலி, வேப்பெண்ணெய், ஒரு பூவாளி. வேலிக்குப் பழைய மீன்வலை, அது இனாம். எல்லாம் கூட்டினால் 5,600 ரூபாய். காய்த்தது பதினாறு. ஒரு கத்தரிக்காய் 350 ரூபாய். மனம் தளர வேண்டாம்: அமெரிக்கர் வில்லியம் அலெக்சாண்டர் தன் தோட்டத்துத் தக்காளி ஒன்றுக்கு 64 டொலர் விழுந்ததாகக் கணக்குப் போட்டு, அதையே தலைப்பாக வைத்து 2006இல் புத்தகம் எழுதினார். அவருக்குப் புத்தகமாவது மிஞ்சியது.

செலவு ஏறுவதற்கு முதற் காரணம் மணல். மணலுக்கு ஞாபகசக்தி கிடையாது. காலையில் ஊற்றிய தண்ணீரைப் பத்து மணிக்கு மறந்துவிடும், போட்ட யூரியாவை அடுத்த மழையில் மறந்துவிடும். 2021இல் அரசு இரசாயன உரத்தைத் தடுத்தபோது வயற்காரர்கள் துடித்தார்கள்; மணல் வளவுக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு ஊரில் உள்ள பரிகாரம், குழியின் அடியில் பொச்சுமட்டையை மல்லாத்தி அடுக்கி மேலே எருவும் மண்ணும் போடுவது. மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். இந்த ஆய்வில் காசு செலவில்லாமல் உண்மையிலேயே பலன் தந்த தொழில்நுட்பம் இது ஒன்றுதான் என்று எழுதவே நினைத்தோம். கறிவேப்பிலைக்குப் போகும் மீன் கழுவிய தண்ணீரை நினைத்து நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாம் காரணம் எதிரிகள். கட்டாக்காலி மாடு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது வரும், தின்னும், போகும். கோழி சிக்கலான உயிரினம். மதிலுக்கு அப்பால் மனைவியின் ராத்தா வீடு, மாமியும் அங்கேதான் என்பதால் அதன்மீது கல்லெறிய முடியாது. ஆனால் ஆகக் கெட்டிக்காரன் குருத்தும் காயும் துளைக்கும் புழு. நன்றாயிருந்த கத்தரியின் நுனிக் குருத்து ஒரு காலையில் தலை தொங்கும். தண்ணீர் போதாது என்று வாளியோடு ஓடுவோம். குருத்தைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே வெளிர் சிவப்பில் புழு, சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கும். விட்டால் அடுத்த தலைமுறை காய்க்குள் இறங்கும். வெளியில் ஊசித்துளை, உள்ளே எச்சம். வாடிய குருத்தைக் கண்டவுடன் கிள்ளி எரிப்பதே மலிவான மருந்து. ஆனால் அதற்கு ஒரு ஆள் தினமும் செடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்த்தால் 350 ரூபாய் என்பது மானிய விலை.

இங்கே ஆய்வு ஒரு சங்கடமான முடிவை எதிர்கொள்கிறது. யாரும் திட்டமிடாத பயிர்கள் செலவேயில்லாமல் செழிக்கின்றன. ஒழு எடுக்கும் இடத்தண்டையில் நிற்கும் வாழைக்கு நாளுக்கு ஐந்து தரம், நேரம் பிசகாமல் நீர்ப்பாசனம். மீன் கழுவிய தண்ணீர் குடித்த கறிவேப்பிலை கூரையைத் தொடுகிறது. கிணற்றடியில் பொன்னாங்காணி. மதில் மூலையில் எவரோ குத்திவைத்த தடியொன்று முருங்கையாகி, காயும் தருகிறது, சுண்டலுக்கு இலையும் தருகிறது. இந்நான்கையும் வீட்டில் ஒருவரும் ‘தோட்டம்’ என்று சொல்வதில்லை. காசு செலவழித்ததற்கே அந்தப் பெயர்.

இனி விளைச்சலின் பங்கீடு. ஷாஃபி மத்ஹபின்படி சேமித்து வைக்கக்கூடிய பிரதான உணவுத் தானியங்களுக்கும் பேரீச்சை, திராட்சைக்கும் மட்டுமே விளைச்சல் ஸகாத்: வானம் பார்த்த வெள்ளாமைக்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. மரக்கறிக்குக் கடமையில்லை. மார்க்கம் விலக்களித்ததற்கு மாமி விலக்களிக்கவில்லை.

“மருமகன், கத்தரி நல்லாக் காய்ச்சிரிக்கி, மாஷா அல்லாஹ்.”

இலக்கணப்படி இது செய்தி வாக்கியம்; வழக்கில் இது கொள்முதல் கட்டளை. பதினாறில் பத்து அன்றே மதிலேறிப் போயின. நட்டத்தை எழுதி ஆய்வை முடிக்க இருந்த வேளையில், மக்ரிபுக்குப் பிறகு மதிலுக்கு மேலால் ஒரு கோப்பை வந்தது. நமது கத்தரிக்காய்தான், பால் ஆணமாகி, மேலே நெத்தலிப் பொரியல். தேங்காய் அவர்களுடையது. காஸ் அவர்களுடையது, அதுவும் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில். மறுபடி கூட்டிப் பார்த்தால், 350 ரூபாய்க் கத்தரி முதலையும் மீட்டு இலாபமும் காட்டுகிறது.

கணக்கு இன்னும் முடிவுறவில்லை. கோப்பை எங்கள் குசினியில் கிடக்கிறது. வெறுங்கோப்பையாகத் திருப்பக்கூடாது; மரத்திலோ காயில்லை. சந்தையில் அரைக்கிலோ வாங்கி வரச்சொல்கிறார் மனைவி. களுதாவளைக் காயாகப் பார்த்து, கொஞ்சம் கோணலாக, ஒன்றிரண்டில் ஊசித்துளை உள்ளதாக எடுக்கச் சொல்கிறார். அப்போதுதான் வளவில் பிடுங்கியது போலிருக்குமாம்.