எல்லாம் திண்ணையில்தான்

லைட்டர், தீக்குச்சிக்கு மூத்தது. பேரன் பிறந்து நாலு வருஷம் கழித்துத் தாத்தா பிறந்த கதை மாதிரி இருக்கிறதல்லவா? உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் விற்க ஆரம்பித்தது 1827இல். ஆனால் 1823லேயே ஜெர்மனியின் யேனா நகரில் ஒரு பேராசிரியர், குழாயைத் திருகினால் நெருப்பு வரும் கண்ணாடி ஜாடி ஒன்றைச் செய்துவிட்டார்.

அவர் பெயர் யோஹான் வொல்ஃப்காங் டோபரைனர். குதிரைவண்டிக்காரரின் மகன். மருந்துக்கடையில் எடுபிடியாக இருந்து வேதியியலைக் கற்றுக்கொண்டவர். பிளாட்டினத்தைப் பஞ்சு போலப் பொரபொரவென்று ஆக்கி, அதன்மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சினார். பற்றவைக்க யாரும் வரவில்லை. பிளாட்டினம் தானாகவே சிவந்தது; ஹைட்ரஜன் குப்பென்று எரிந்தது. ஆசாமி வெலவெலத்துப் போயிருக்க வேண்டும். நானாக இருந்தால் வேப்பிலை தேடியிருப்பேன்.

அவர் விளக்கு செய்தார். ஜாடியில் நீர்த்த கந்தக அமிலம். அதற்குள் கவிழ்த்த மணியில் தொங்கும் துத்தநாகக் கட்டி. குழாயைத் திறந்தால் அமிலம் மேலேறித் துத்தநாகத்தைத் தொடும், ஹைட்ரஜன் கிளம்பும், பிளாட்டினத்தில் பட்டுப் பற்றிக்கொள்ளும். குழாயை மூடினால் சேர்ந்த வாயுவே அமிலத்தைக் கீழே தள்ளிவிடும், உற்பத்தி நின்றுவிடும். மேசைமேல் அமிலம், அதன்மேல் வெடிக்கும் வாயு, எதிரே நெருப்பு. இதை வீட்டில் வைத்துக்கொண்டு மனிதர்கள் நிம்மதியாகச் சுருட்டு பற்றவைத்தார்கள். ஆயிரக்கணக்கில் விற்றது. டோபரைனர் காப்புரிமை வாங்கவில்லை. காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

ஏன் எரிகிறது என்று மட்டும் ஒருவருக்கும் புரியவில்லை. 1835இல் ஸ்வீடனின் பெர்சீலியஸ் இந்த மாதிரி சங்கதிகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, கிரேக்கத்தில் ‘கேட்டலிசிஸ்’ (தமிழில் வினையூக்கம்) என்று பெயர் வைத்தார். தூங்கிக் கிடக்கும் நாட்டங்களை எழுப்பிவிடும் சக்தியாம். என்ன காய்ச்சல் என்று தெரியாத டாக்டர் ‘வைரல்’ என்று எழுதிக்கொடுக்கிறாரே, அதே வைத்தியம்.

வினையூக்கி என்பது ஒன்றிலும் கலந்துகொள்ளாமல் ஓரமாக நின்று வேலை வாங்கும் மேஸ்திரி என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அபாண்டம். பாவம், அது தன் மேற்பரப்பு என்ற திண்ணையையே வேலைக்குக் கொடுக்கிறது. உலோகத்தின் உட்புற அணுக்களுக்கு எல்லாப் பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு. மேற்பரப்பு அணுவுக்கு ஒரு பக்கம் ஆள் இல்லை. கை சும்மா இருக்கிறது. வழிப்போக்கு மூலக்கூறைப் பிடித்து உட்காரவைக்கும். உட்கார்ந்த ஹைட்ரஜன் இரண்டாகப் பிரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜனோடு ஒட்டும், நீராகி எழுந்து போகும். திண்ணை காலி, அடுத்த ஆள். பஞ்சாக்கினால் ஒரு சிட்டிகை உலோகத்தில் தெருத்தெருவாகத் திண்ணைகள். டோபரைனரின் ரகசியம் அவ்வளவுதான்.

இதே திண்ணை வித்தை நைட்ரஜனுக்கும் தேவைப்பட்டது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆனால் அது தன் ஜோடியை விடாது, மூன்று பிணைப்பு. அதைப் பிரித்து அம்மோனியா செய்தால் உரம் கிடைக்கும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலர் ஃப்ரிட்ஸ் ஹேபர் அதைச் செய்துகாட்டுவதைப் பார்க்க, 1909 ஜூலை 2 அன்று பிஏஎஸ்எஃப் ரசாயனக் கம்பெனியிலிருந்து கார்ல் பாஷும் ஆல்வின் மித்தாஷும் வந்தார்கள். உயர் அழுத்தக் கருவியின் போல்ட் ஒன்று உடைந்து தொலைத்தது. அவசரக்காரரான பாஷ் கிளம்பிவிட்டார். மித்தாஷ் காத்திருந்தார். கருவி ஓடியது, அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. மேலதிகாரி போனபிறகுதான் மெஷின் வேலை செய்யும் என்பது அன்றைக்கே நிரூபணமாயிற்று.

ஹேபரின் திண்ணை ஆஸ்மியம். உலகிலேயே சொற்பம்தான் கிடைக்கும். ஆக்சைடு ஆனால் விஷம் வேறு. கைக்கெட்டியதை எல்லாம் கம்பெனி வாங்கிப் பூட்டியது. மித்தாஷ் மலிவான பண்டம் தேடினார். ஆயிரக்கணக்கான சோதனைகள். தூய இரும்பு சோம்பேறித்தனம் காட்டியது. ஆனால் ஸ்வீடனின் யெல்லிவாரே சுரங்கத்து இரும்புத் தாது பிரமாதமாக ஓடியது. காரணம், அதிலிருந்த அழுக்கு! அலுமினா இரும்புத் துகள்கள் உருகி ஒட்டாமல் திண்ணைகளைக் காப்பாற்றியது. பொட்டாசியம் நைட்ரஜனின் பிடியைத் தளர்த்தியது. கந்தகம் மட்டும் ஆகாது. அது ஏறி உட்கார்ந்தால் எழுந்திருக்காது. கோடை விடுமுறைக்கு வந்த உறவினர் ரகம்.

1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. அம்மோனியா வயலுக்கும் போனது. அடுத்த வருஷமே போர் வந்ததால் வெடிமருந்துக்கும் போனது. இன்று நம் உடம்பிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி இந்த முறையில் வந்ததுதான். ஹேபருக்கு 1918க்கான நோபல், பாஷுக்கு 1931இல் நோபல். காத்திருந்து பார்த்த மித்தாஷுக்குக் கிடையாது.

திண்ணையில் உள்ளபடி என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொன்னவர் ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் எர்ட்ல். வெற்றிடத்தில் சுத்தமான இரும்புப் படிகத்தை வைத்து ஒவ்வொரு படியாகக் கணக்கெடுத்தார். நைட்ரஜன் பல லட்சம் முறை வந்து மோதினால் ஒருமுறைதான் பிரிந்து உட்காருகிறது. மொத்த ஆலையும் அந்த ஒரு படிக்குத்தான் காத்துக்கிடக்கிறது. 2007 அக்டோபர் 10 அன்று, அவருடைய 71ஆவது பிறந்தநாளில், பெர்லினில் அவர் இருந்த நிறுவனத்துக்கு ஸ்வீடனிலிருந்து நோபல் சேதியோடு போன் வந்தது. நிறுவனத்தின் பெயர் ஃப்ரிட்ஸ் ஹேபர் இன்ஸ்டிட்யூட். மித்தாஷின் அழுக்கு இரும்புதான், கொஞ்சம் மெருகேற்றி, இன்றும் பெரும்பாலான ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.