சண்டைக்கு ஆளில்லாத இருட்டறை

புகைப்படப் பித்தர்கள் ஒரே இடத்தில் கூடி, இருபது வருடம் புகைப்படத்தைப் பற்றி மட்டுமே பேசி, ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் பெரும்பாலும் கண்ணால் பார்க்காமலேயே சண்டை போட்டுக் கலைந்த சபை ஒன்று இருந்தது. ரெக் டாட் ஃபோட்டோ என்று பெயர். சேர சோழ பாண்டியரையெல்லாம் மனப்பாடம் செய்த நாம் இந்த வம்சத்தைப் படிக்காமல் விட்டது அநியாயம். சுவாரசியத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. வெட்டுக்குத்து மட்டும் விரல் நுனியோடு நின்றது.

கதை 1979-ல் ஆரம்பம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று இரண்டு மாணவர்கள். ஒரு கம்ப்யூட்டரில் எழுதியதை டெலிபோன் லைன் வழியாக அடுத்த கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிட்டால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. மறுவருடம் யூஸ்நெட் பிறந்தது. அதற்குத் தலைவர் கிடையாது, ஆபீஸ் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவி ஊரெல்லாம் போய்ச் சேரும். கூட்டம் பெருகவே, 1986-87-ல் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு ஏழு தெருக்களாகப் பிரித்தார்கள். பொழுதுபோக்குக்காரர்களுக்கு 'ரெக்' தெரு ஒதுக்கப்பட்டது. நம் ஆட்கள் அங்கே குடியேறினார்கள்.

இதில் ஒரு விசேஷம். அந்தத் தெருவில் எழுத்துக்கு மட்டும்தான் அனுமதி. படம் ஒட்டக்கூடாது. புகைப்படக்காரர்கள் சபையில் படம் கூடாது என்றால் சங்கீத சபையில் பாட்டு கூடாது என்கிற மாதிரிதானே என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். படத்தைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும். காட்டாதவரை எல்லோரும் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸ்தான். அசல் ஆடம்ஸ் 1984-லேயே காலமாகிவிட்டதால் ஆட்சேபிக்கவும் வரவில்லை.

சரி, எதைப் பற்றிச் சண்டை? ஃபிலிம் கழுவுவதைப் பற்றி. இருட்டில் ஃபிலிமை ரீலில் சுற்றி டேங்குக்குள் அடைத்து, டெவலப்பரை ஊற்றியாயிற்று. இனி டேங்கை அவ்வப்போது கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். எத்தனை தடவை? இங்கேதான் குருக்ஷேத்திரம் மூண்டது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றது ஒரு கட்சி. நிமிடத்துக்கு ஒருமுறை, ஆனால் பத்து விநாடி விடாமல் என்றது எதிர்க்கட்சி. கவிழ்த்தபின் டேங்கின் அடியை மேஜையில் டொக்கென்று தட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு நெகடிவில் புள்ளி விழும் என்பதில் மட்டும் இரு கட்சிகளுக்கும் கூட்டணி. ஒரு தட்டா இரண்டு தட்டா என்று ஒரு அப்பாவி கேட்டதும் கூட்டணி முறிந்தது. மூன்றாவதாகச் சித்தர் கோஷ்டி ஒன்றும் உண்டு. ரோடினால் ஒரு பங்குக்குத் தண்ணீர் நூறு பங்கு கலந்து ஊற்று, ஒரு மணி நேரம் டேங்கைத் தொடாதே, போய் வேறு வேலையைப் பார் என்பது இவர்கள் உபதேசம். இதற்கு 'ஸ்டாண்ட் டெவலப்மென்ட்' என்று பெயர். சும்மா இருப்பதற்கு இத்தனை கௌரவமான பெயரை நம் சித்தர்களே வைத்ததில்லை.

ரோடினால் என்பது காந்தி லண்டனில் பாரிஸ்டர் ஆன அதே 1891-ல் ஜெர்மனியில் பேடன்ட் ஆன டெவலப்பர். பாட்டில் கறுத்துப்போனாலும் சரக்கு கெடாது. கோடக்கின் டி-76 வந்தது 1927-ல். ரோடினால் கூர்மையாகக் காட்டும், ஆனால் படத்தில் மணல் அள்ளித் தூவிய மாதிரி பொரி தெரியும். டி-76 வழவழப்பு. இவ்வளவுதான் வித்தியாசம். கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட் ஏறிய கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் சூட்டை விளக்கத் தேவையில்லை. அங்கேயாவது யானை என்று ஒன்று கண்ணெதிரே நின்றது.

இருபது டிகிரி சென்டிகிரேடில்தான் கழுவ வேண்டும் என்பது எல்லாக் கட்சிக்கும் பொதுவான வேதம். மே மாதம் மதுரையில் குழாயைத் திறந்தால் வருவது ரசம் வைக்கிற பதத்துத் தண்ணீர். நம் ஊர் ஸ்டூடியோக்காரர் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐஸ் கட்டி வாங்கி வாளியில் போட்டார், விரலை விட்டுப் பார்த்தார், கழுவினார், சாயந்திரம் பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி கொடுத்தார். 36 படம் என்று போட்டிருக்கும் ரோலில் 38 எடுக்கத் தெரிந்த மனிதர் அவர். தத்துவ விசாரத்துக்கு அவருக்கு நேரமில்லை.

அதற்குள் ராச்செஸ்டரிலிருந்து ஒரு குண்டு. கோடக்கின் சொந்த ஊர் அது. அந்த ஊர்த் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு வகுப்பு, இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சலவை சோடாவையும் கலந்தாலே ஃபிலிம் கழுவலாம் என்று 1995-ல் செய்து காட்டியது. காஃபினால் என்று நாமகரணம். இன்ஸ்டன்ட் காபியை என்ன செய்வது என்று கும்பகோணம் பக்கம் நூறு வருடமாகத் திகைத்துக்கொண்டிருந்தார்களே, அதற்கு விடை கிடைத்துவிட்டது. சபையில் உடனே அடுத்த பிரச்சினை கிளம்பியது: எந்த பிராண்டு காபி?

கூட்டம் தாங்காமல் சபை பாகப்பிரிவினைக்கு வந்தது. யூஸ்நெட்டில் புதுக் கிளை தொடங்க ஓட்டெடுப்பு உண்டு. ஆதரவு ஓட்டு எதிர்ப்பைவிட நூறு கூடுதலாக விழ வேண்டும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தேற வேண்டும். நம் ஊர் கூட்டுறவு சங்கத் தேர்தலைவிடக் கடுமையான விதி. அதையும் தாண்டி 35 எம்.எம். ஒரு கிளை, மீடியம் ஃபார்மட் ஒரு கிளை, லார்ஜ் ஃபார்மட் ஒரு கிளை, இருட்டறைக்கு ஒரு கிளை என்று பிரித்துக்கொண்டார்கள். நெகடிவ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உயர்ந்த குலம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட்காரர், 35 எம்.எம். ஆசாமியின் வீட்டில் கை நனைக்க மாட்டார். லைக்கா கேமரா வைத்திருப்பவர் எந்தப் பந்தியிலும் உட்கார மாட்டார். அவருக்குத் தனி இலை.

வெளியிலிருந்து ஆபத்து 1994 ஏப்ரலில் வந்தது. அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி, அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரி விளம்பரம் ஒன்றை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான கிளைகளில் ஒரே மூச்சில் ஒட்டிவிட்டார்கள். ஃபிக்ஸர் வாசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் கையிலும் கிரீன் கார்டு நோட்டீஸ். உலகமே பொங்கி எழுந்து அவர்களைத் திட்டியது. கிரீன் கார்டு தேடி வருகிறது என்பதற்காக மனிதர்கள் கோபப்பட்டது சரித்திரத்தில் அந்த ஒருமுறைதான் இருக்கும். அண்ணா யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்கு அந்த நோட்டீஸ் வந்திருந்தால் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

அசல் எதிரியோ வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது. 1975-லேயே கோடக்கின் இளம் எஞ்சினியர் ஸ்டீவன் சாஸன் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து முடித்திருந்தார். மூன்றரை கிலோவுக்கு மேல் எடை, படத்தில் பத்தாயிரம் புள்ளி, ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. ஃபிலிம் விற்றுப் பிழைக்கிற கம்பெனிக்கு இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் என்ன செய்வார்கள்? பேடன்ட் வாங்கிப் பத்திரமாகப் பரணில் போட்டார்கள். பரணில் போட்டதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துப் பிழைப்பான் என்பது கோடக்குக்குத் தெரிய இருபது வருடம் ஆனது.

1999-ல் நிக்கான் டி1 என்ற டிஜிட்டல் கேமரா வந்தது. சுமார் 27 லட்சம் புள்ளி. சபை வயிறு குலுங்கச் சிரித்தது. ஒரு 35 எம்.எம். ஃபிரேமை 4000 டிபிஐ ஸ்கேனரில் கொடுத்தால் இரண்டு கோடி புள்ளிக்கு மேல் கிடைக்கும். கோடீஸ்வரனிடம் லட்சாதிபதி வந்து மோதுவதா? கணக்கென்னவோ சரிதான். அந்த இரண்டு கோடியில் விஷயம் எவ்வளவு, பொரி எவ்வளவு என்று எதிர்க்கட்சி கேட்டது. அன்றைக்குப் பிடித்த சண்டைதான். ஃபிலிமுக்கு எத்தனை மெகாபிக்சல் என்ற கேள்விக்கு ஆறு என்றும் நாற்பது என்றும் பதில் சொன்னார்கள். எதிரும் புதிருமாகக் கணக்குப் போட்டார்கள். வாக்குவாதம் எதுவும் நீண்டுகொண்டே போனால் யாராவது ஹிட்லரை இழுப்பது நிச்சயம் என்று மைக் காட்வின் 1990-லேயே யூஸ்நெட்டுக்கு ஜாதகம் எழுதியிருந்தார். ஜாதகம் பொய்க்கவில்லை.

டிஜிட்டல்காரர்களுக்கென்று தனிக் கிளை இருந்தது. ஆனால் நாரதர்கள் எந்த ஊரில்தான் இல்லை? ஃபிலிம் செத்துவிட்டது என்று ஒரு வரி எழுதி, ஒரே நேரத்தில் இரண்டு கிளைக்கும் அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவார்கள். காலையில் எழுந்து பார்த்தால் முந்நூறு பதில். என் அபிப்பிராயம், அந்தக் காலத்து ஃபிலிம் பக்தர்கள் அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டிய கயிறு இந்த நாரதர்கள்தான். ரோடினால் கட்சியும் டி-76 கட்சியும் பங்காளிப் பகையை மறந்து தோளோடு தோள் நின்றது அப்போதுதான்.

பிறகு சாவு வீடுகள். 2003-ல் கேனன், ஆயிரம் டாலருக்குக் கீழே டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்றை இறக்கியது. 2004-ல் ஃபிலிம் கம்பெனி இல்ஃபோர்டு திவால் நிர்வாகத்துக்குப் போய் நூலிழையில் தப்பியது. 2005-ல் இன்னொரு ஃபிலிம் கம்பெனி அக்ஃபாஃபோட்டோ விழுந்தது. அதே வருடம் கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பரை கோடக் கைகழுவியது. 2006 தொடக்கத்தில் நிக்கான் தன் ஃபிலிம் கேமராக்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் முழுக்குப் போட்டது. ஒவ்வொரு செய்திக்கும் சபையில் ஒரே சடங்கு. முதலில் ஒப்பாரி, அப்புறம் நான் அப்பவே சொன்னேன், கடைசியில் கடைக்கு ஓடி மிச்ச ஸ்டாக்கை வாரி வந்து ஃபிரிட்ஜில் அடுக்குவது. ஃபிலிம் ஃப்ரீசரில் வருடக்கணக்கில் தாங்கும். ஐஸ்கிரீமுக்கும் இறைச்சிக்கும் இடமில்லாமல் போன வீடுகளில் இல்லற தர்மம் எப்படி நடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 2006-ல் லைக்காவின் டிஜிட்டல் எம்8 கறுப்பு கோட்டுகளைக் கத்தரிப்பூ நிறத்தில் காட்டி, கம்பெனியே வாங்கியவர்களுக்கு ஃபில்டர் இலவசமாகக் கொடுக்க வேண்டி வந்தபோது மட்டும் ஒரு குட்டித் தீபாவளி.

இதற்கிடையே யூஸ்நெட் இரைச்சல் பிடிக்காத ஆசாரக்காரர்கள் வெப்சைட் பக்கம் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். அங்கே டிஜிட்டல் என்ற பேச்சே தீட்டு. நல்லது. புது வீட்டில் படம் ஒட்டவும் வசதி உண்டு. இருட்டறையில் நின்று, கையால் போட்ட பிரிண்டைச் சபைக்குக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? ஸ்கேன் செய்துதான். ஸ்கேன் செய்தால் அது என்ன? வாயைத் திறக்கக்கூடாது. ஒருவர் திறந்தார். ஸ்கேன் டிஜிட்டலா இல்லையா என்று விவாதம் கிளம்பியது. புதுக் குடித்தனத்துக்கும் பால் காய்ச்சியாயிற்று என்று அர்த்தம்.

2010-ல் இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. மே 20-ல் டியூக் பல்கலைக்கழகம் தன் யூஸ்நெட் சர்வரை அணைத்தது. பிரசவம் பார்த்த வீடே கைவிட்டது. டிசம்பர் 30, கோடக்குரோம் ஃபிலிமைக் கழுவக் கொடுப்பதற்குக் கடைசி நாள். உலகத்தில் அதைக் கழுவ மிஞ்சியிருந்த ஒரே லேப், கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்தது. 1935-ல் இரண்டு சங்கீதக்காரர்கள் கண்டுபிடித்த அந்த ஃபிலிமுக்காக, கடைசி ரோல்களைச் சுமந்துகொண்டு ஆட்கள் காரோட்டி வந்தார்கள். 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. சபையில் கூச்சல் பிரமாதமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கூச்சல் போட எதிர்க்கட்சியைக் காணோம். டிஜிட்டல்காரர்கள் ஜெயித்தோமா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் செல்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபிலிம் செத்துவிட்டது என்று எழுத ஒரு நாரதர்கூட மிஞ்சவில்லை. எழுதினாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஃபிலிம் சாகவில்லை. 2012-ல் நிறுத்திய எக்டாக்குரோம் ஃபிலிமை 2018-ல் கோடக் திரும்பக் கொண்டுவந்தது. வாங்கியவர்களில் பலர் ரெக் டாட் ஃபோட்டோவின் பொற்காலத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள். இந்தப் பிள்ளைகள் எதற்கும் சண்டை போடுவதில்லை. ரோலை லேபில் கொடுக்கிறார்கள், ஸ்கேனை போனில் வாங்கிக்கொள்கிறார்கள், நெகடிவை வாங்கக்கூட வராதவர்கள் ஏராளம் என்று லேப்காரர்கள் புலம்புகிறார்கள். டேங்கை எத்தனை தடவை கவிழ்ப்பது என்று கேட்டால், எந்த டேங்க் என்பார்கள். குமிழிக்காக ஆயுளைத் தேய்த்த பெரியவர்களுக்கு இதைவிட அவமானம் உண்டா?

ரெக் கிளைகளில் கடைசியில் குடியிருந்தது பெரும்பாலும் விளம்பரக் குப்பைதான். 2024 பிப்ரவரி 22-ல் கூகுளும் தன் வழியாக யூஸ்நெட்டுக்குப் புதிதாக எழுதுவதை அடைத்தது. அங்கே பழைய சண்டைகளைப் படிக்கலாம், பதில் போட முடியாது. சரியாக நாலு மாதத்தில், ஜூனில், பென்டாக்ஸ் 17 என்று புத்தம் புது ஃபிலிம் கேமரா கடைக்கு வந்தது. கையால் லீவரைத் தள்ளி ஃபிலிமை நகர்த்த வேண்டும். 36 ரோலில் 72 அரைப்படம் விழும். செல்போனுக்குத் தோதாகப் படம் நெட்டுக்குத்தாக வரும். தூரத்தைக் குத்துமதிப்பாக வளையத்தில் திருகி வைக்க வேண்டும். வந்தபோது விலை ஐந்நூறு டாலர். அரைப்படம் படமாகுமா, நெட்டுக்குத்துப் படம் தர்மமா, அந்த விலைக்கு ஆட்டோஃபோகஸ் கூட இல்லையா, இதில் எடுத்ததை ரோடினாலில் கழுவினால் பொரி எவ்வளவு பெரிதாகத் தெரியும்... எண்ணூறு பதில் தாங்கியிருக்கும் சார், குறைந்தபட்சம் எண்ணூறு.