ஆட்டமிழக்காதவர்கள்

2023 நவம்பர் 2ஆம் திகதி. இசாவுக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது இலங்கையின் எண்ணிக்கை 3 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். தொழுதுவிட்டு வந்து, கல்முனைக் கடற்கரை வீதித் தேத்தண்ணிக் கடையில் ஊற்றிய பிளேன்டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உலகக் கிண்ணப் போட்டி, வான்கடேயில் இந்தியா 357. நாங்கள் 19.4 ஓவரில் 55. அதற்கு ஆறு வாரத்துக்கு முன்னர்தான், கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவின் சிராஜ் ஆறு விக்கெட் எடுத்து எங்களை 50க்குச் சுருட்டியிருந்தார். ஆகவே 55 என்பது ஐந்து ஓட்ட முன்னேற்றம். மைதானத்தில் வேறு முன்னேற்றம் எதுவும் கண்ணில் படவில்லை.

மூலையில் போனை நோண்டிக்கொண்டிருந்த ஒரு பொடியன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அங்கால ஷமி பதினெட்டு ஓட்டத்துக்கு அஞ்சு எடுத்திட்டான். இங்கால நம்மட ஷம்மி இன்னம் ஒரு விக்கெட்டும் குடுக்கல்ல, காக்கா."

கடை சிரித்தது. சிரித்து முடித்ததும் சண்டை தொடங்கியது. கிரிக்கெட் சபைத் தலைவர் ஷம்மி சில்வாவின் நிருவாகம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு கட்சி. "இவனுகள அனுப்பினா அமைச்சர்ர ஆக்கள் வருவானுகள், அது இதவிட நாசம்" என்று மறு கட்சி. இரண்டு கட்சியும் சொன்னது சரிதான். இந்த நாட்டு கிரிக்கெட்டின் சாபம் அதுதான்.

கரைவலையில் பாதி ஆயுளைக் கழித்த ஒரு காக்கா வெளி வாங்கிலிருந்து கேட்டார்: "ஒரு மாசம் மீன் படல்லெண்டா தண்டயல மாத்திறம். இவனுகளுக்கு என்னத்துக்கு இவ்வளவு யோசின?" நியாயமான கேள்வி. வயலில் தண்ணீர் வராவிட்டால் வட்டவிதானையை வரம்பில் மறித்து வாய்க்கு வந்தபடி கேட்கிறோம். அடுத்த போகத்தில் வேறு ஆளைப் போடுகிறோம். ஆனால் வட்டவிதானைக்குப் பின்னால் துபாய் இல்லை. கிரிக்கெட் நிருவாகத்துக்குப் பின்னால் துபாயில் ஐசிசி என்று ஒரு பேரவை இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை அதே மாதம் நாடே பார்த்தது. நவம்பர் 6. டெல்லியில் பங்களாதேஷுக்கு எதிரான போட்டி. அஞ்சலோ மத்தியூஸ் துடுப்பெடுத்தாட வந்தார். தலைக்கவசத்தின் வார் அறுந்தது. இரண்டு நிமிடத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராகவில்லை என்று பங்களாதேஷ் அணித் தலைவர் ஷகிப் முறையிட்டார், நடுவர் விரலை உயர்த்தினார். சர்வதேச கிரிக்கெட் வரலாற்றிலேயே இப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் எங்கள் ஆள். கெஞ்சிப் பார்த்தார், அறுந்த வாரைக் காட்டினார். போ என்றார்கள், போனார்.

அதே நவம்பர் 6ஆம் திகதி கொழும்பில் விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் நிருவாகத்தைக் கலைத்தார். அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழு ஒன்றை வர்த்தமானியில் போட்டார். அங்கேயும் விரல் உயர்ந்தது. ஆனால் இவர்கள் போகவில்லை. அடுத்த நாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, ஷம்மி சில்வா கதிரைக்குத் திரும்பினார். மத்தியூஸ் செய்த பிழை, தலைக்கவசத்தைக் கழற்றி நடுவரிடம் காட்டியது. சட்டத்தரணியிடம் காட்டியிருக்க வேண்டும்.

(வர்த்தமானியின் ஆயுள் பற்றி எங்கள் கரைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகரசபை என்று ஒரு வர்த்தமானி வந்தது. கொளுத்திய வெடியின் புகை அடங்குமுன்னர் அதை நிறுத்தினார்கள்.)

நவம்பர் 9ஆம் திகதி இன்னொரு அதிசயம். தேங்காய் விலையில்கூட ஒன்றுபடாத பாராளுமன்றம், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து, கிரிக்கெட் நிருவாகம் பதவி விலகவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த நாள் ஐசிசி, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. தோற்றவர்களுக்குத் தண்டனை இல்லை. ஒரு பந்தும் போடாத பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தண்டனை.

அர்ஜுன ரணதுங்க, இலங்கைக் கிரிக்கெட்டை ஜெய் ஷா நடத்துகிறார் என்று பேசினார். அதற்கு எங்கள் அமைச்சர்கள் பாராளுமன்றத்தில் எழும்பி நின்று வருத்தம் தெரிவித்தார்கள். 55 ஓட்டத்துக்கு எங்களிடம் வருத்தம் தெரிவித்த அமைச்சர் யாரும் இருந்தால் சொல்லுங்கள். பாராளுமன்றத்தின் கோப் குழு கிரிக்கெட் அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தபோது, குழுவின் தலைவர் ரஞ்சித் பண்டார உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டிய காணொளி நாடெங்கும் ஓடியது. பள்ளியில் குழப்படி செய்யும் பிள்ளைகளை அடக்க எங்கள் முஅத்தின் காட்டும் அதே சைகை. நவம்பர் 27ஆம் திகதி ஒருவர் கடைசியில் பதவி இழந்தார். அது கிரிக்கெட் தலைவரல்ல, அவரை நீக்கிய அமைச்சர். 2024 ஜனவரி 28இல் ஐசிசியின் தடை நீங்கியது. நிருவாகிகள் எல்லோரும் பழைய கதிரையில்.

அமைச்சர்மாரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி, தேசிய அணிக்கு யார் விளையாடலாம் என்ற பட்டியலுக்கே அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து வந்த அமைச்சர்கள் பலர் ஆளுக்கொரு இடைக்காலக் குழு வைத்துப் பார்த்தார்கள். 1996இல் லாகூரில் உலகக் கிண்ணம் வென்றபோது கிரிக்கெட் சபையின் தலைவராக இருந்தவர் ஆனா புஞ்சிஹேவா. வென்ற அவரால் அந்தக் கதிரையில் நிலைக்க முடியவில்லை. வெல்லவைத்தவர் போய்விடுவார், தோற்கவைத்தவர் இருப்பார். ஆட்டத்தின் விதி தெரியாமல் நாங்கள்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறோம்.

அந்த விதி மைதானத்தில் இல்லை, வாக்குப் பெட்டியில் இருக்கிறது. தலைவரைத் தெரிவு செய்வது ரசிகனல்ல, விளையாட்டு வீரனுமல்ல. கழகங்களும் மாவட்டச் சங்கங்களும். ஆண்டுக்கணக்கில் நூற்று நாற்பதுக்கு அண்மித்த வாக்குகள் அந்தப் பெட்டியில் விழுந்தன. இந்தியாவின் சபைக்கு அதில் மூன்றிலொன்றும் கிடையாது. வாக்கு அதிகமென்றால் ஜனநாயகம் அதிகம் என்று நினைப்பவர், எங்கள் ஊரில் ஒரு சபைத் தேர்தலைக்கூடப் பார்த்திராதவராக இருக்கவேண்டும். நிதி கொடுக்கிறவர் தலைமையகம், நிதி வாங்குகிறவர் கழகம், வாக்குப் போடுகிறவரும் அதே கழகம். மறுகா யார் யாரைத் தோற்கடிப்பது?

பணமில்லை என்றும் சொல்லமுடியாது. 2022ஆம் ஆண்டுக்கு 600 கோடி ரூபாவுக்கு மேல் இலாபம் என்று பெருமையாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு நாங்கள் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் படுத்துக் கிடந்தோம், டீசல் இல்லாமல் இயந்திரப் படகுகள் மணலில் கிடந்தன. 2011 உலகக் கிண்ணத்துக்காகக் கடன்பட்டு, யானை நடமாடும் சூரியவெவயில் 35 ஆயிரம் பேர் இருக்கக்கூடிய மைதானம் கட்டினார்கள். கிழக்கு மாகாணத்தில் இன்றுவரை ஒரு சர்வதேச கிரிக்கெட் மைதானம் இல்லை. 2015இல் எங்கள் ஊர் ஹரீஸே விளையாட்டுத்துறைப் பிரதியமைச்சரானார். சந்தாங்கேணி மைதானத்தில் அன்றும் மென்பந்து, இன்றும் மென்பந்து. மென்பந்தில் ஆறு ஆறாக விளாசும் பொடியன், கடின பந்து கையில் கிடைக்கும் வயதில் கட்டாருக்கு விசா எடுத்துவிடுகிறான். இந்தக் கரையிலிருந்து தேசிய அணிக்குப் போனவர் யாரென்று கேட்டால், கடையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும்.

இத்தனைக்கும் முஸ்லிம்களான எங்கள் மீது ஒரு பழைய குற்றப்பத்திரம் உண்டு. "நீங்க பாகிஸ்தானுக்குத்தானே கை தட்டுற ஆக்கள்." பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சிரிக்காத முகத்தோடு கேட்டவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களைக் கூட்டிவந்து அந்த நவம்பர் இரவில் இந்தக் கடையில் உட்காரவைத்திருக்க வேண்டும். எட்டாவது விக்கெட் விழுந்தபோது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த காக்காவிடம் நாட்டுப்பற்றை அளக்கும் கோலை நீட்டிப் பார்த்திருக்கவேண்டும். அந்தக் கோலை ஏன் மெயிட்லண்ட் பிளேஸில் இருக்கும் கிரிக்கெட் தலைமையகத்துக்கு ஒருவரும் கொண்டுபோவதில்லை?

அந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பது போட்டியில் இரண்டு வெற்றி, ஒன்பதாம் இடம். அதனால் 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கு வாசலிலேயே கதவடைப்பு. 2024 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் நியூயோர்க்கில் தென்னாபிரிக்காவிடம் 77, பிறகு பங்களாதேஷிடமும் தோல்வி, முதல் சுற்றோடு விமானம். பயிற்றுநர் சில்வர்வுட் விலகினார். ஆலோசகர் மஹேல விலகினார். அணித் தலைவர் வனிந்து ஹசரங்க தலைமையிலிருந்து விலகினார். விலகுவது எப்படி என்று தெரிந்தவர்களெல்லாம் விலகினார்கள். பிறகு சனத் ஜயசூரிய பயிற்றுநராகப் பொறுப்பெடுத்து, 1997க்குப் பின் முதல் தடவையாக இந்தியாவிடமிருந்து ஒருநாள் தொடரை வென்றபோது, புகைப்படத்துக்கு நிற்க இடம் போதவில்லை.

கடையில் இன்னும் சண்டை நடக்கிறது. யாரைப் போடலாம், யாரைத் தூக்கலாம் என்று பொடியன்கள் பேர்ப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். தண்டயலை மாற்றச் சொன்ன காக்காவுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அவருக்கு நான் செய்தியை வாசித்துக் காட்டினேன்: 2025 மார்ச் 31ஆம் திகதி நடந்த பொதுக்கூட்டத்தில் ஷம்மி சில்வா நான்காவது தடவையாகத் தலைவராகத் தெரிவானார். போட்டியின்றி.