நீங்கள் எந்த பட்ச்?

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்து இடுப்பு இன்னும் நிமிரவில்லை. அதற்குள் அத்தான் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்: “தம்பி, அடுத்த வருச ரீசேட் உமக்கு எக்ஸ்எல் காணுமோ, டபிள் எக்ஸ்எல் சொல்லவோ?”

நான் அத்தானின் கல்லூரியில் படித்தவன் அல்ல. அவர்களோடு மோதுகிற மற்றக் கல்லூரியிலும் படிக்கவில்லை. திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் பிறந்து, கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே ஓய்வூதியம் எடுத்தவன். துடுப்பாட்டத்தைப் பற்றி எனக்குத் திடமாகத் தெரிந்தது, மழை வந்தால் நிறுத்துவார்கள் என்பது ஒன்றுதான். எங்கள் பக்கம் உதைபந்து. பின்னேரம் மெக்கெய்சர் மைதானத்துக்குப் போனால் ஒன்றரை மணித்தியாலத்தில் யார் வென்றது, யார் தோற்றது, யாரை யார் அடித்தது எல்லாம் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டைச் சூட்டோடு சாப்பிடலாம். வடக்கின் பெரும் போர் என்று அந்த இரண்டு கல்லூரிகளும் வருடாவருடம் ஆடுகிற துடுப்பாட்டம் அப்படியல்ல. மூன்று நாள்.

இதை எழுத உட்கார்ந்ததே ஒரு யோசனை சொல்வதற்காக. அந்த ஆட்டத்தை யாழ்ப்பாணத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து திருகோணமலையில் நடத்தவேண்டும். காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

விடியாத இருட்டில் வான் வந்தது. ஹொரவப்பொத்தானை, வவுனியா, அங்கிருந்து ஏ9. ஒவ்வொரு சந்தியிலும் அத்தான் “இனிக் கிட்டத்தான்” என்றார். முறிகண்டியில் வான் தானாக நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் அந்த இடத்தைத் தாண்டத் துணிந்த சாரதி இன்னும் பிறக்கவில்லை. ஆனையிறவு கழிந்ததும் அத்தானின் குரலே மாறிப்போனது. உவர்மலையில் கேற்றைச் சாத்தினால் திறக்காத மனிதர், அக்கா நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்கிறவர், கொடிகாமம் வருவதற்குள் வானுக்குள் எழுந்து நின்று கல்லூரிக் கோசம் போட்டார். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் கச்சான் கோதைப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் திருகோணமலை என்று சொன்னால் மூன்று விசயம் வரும்: கோணேசர், கன்னியா வெந்நீர்க் கிணறு, மான். “மான் றோட்டில திரியுமாமே?” ஓம், திரியும். பொலித்தீன் பையையும் தின்னும். நாங்களும் சும்மா இருப்பதில்லை, உடனே துறைமுகத்தை எடுத்து விடுவோம். உலகத்தின் எத்தனையாவது பெரிய இயற்கைத் துறைமுகம் என்பதை, கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தீர்மானிப்பது. அப்பாவி என்றால் இரண்டாவது. கொஞ்சம் வாசிக்கிற ஆள் என்றால் ஐந்தாவது. பூகோள ஆசிரியர் என்றால் “மிகவும் ஆழமானது” என்று சொல்லி நழுவிவிடுவோம். அந்தத் துறைமுகத்துக்குள் நாளுக்கு எத்தனை கப்பல் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக்கூடாது.

சரி, ரீசேட்டுக்கு வருகிறேன். எல்லாத் தொல்லையும் அதில்தான் தொடங்கியது.

அத்தானின் பட்ச் 86. அவர்களுக்கென்று தனியாக ஒரு ரீசேட் அடித்திருந்தார்கள், முதுகில் பலகை அளவில் 86. ரொறன்ரோவில் இருந்து காசு கட்டிய ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை, முழங்காலில் ஒப்பரேசனாம். ஒரு ரீசேட் மிஞ்சியது. “சும்மா கிடக்குது, போடும்” என்றார் அத்தான். பங்குனி வெயில், நான் கொண்டுபோன சேட் இரண்டும் வானிலேயே நனைந்துவிட்டன. போட்டேன்.

சென்றல் கல்லூரி மைதானத்துக்குள் கால் வைத்துக் கதிரை தேடுவதற்குள் முதுகில் ஓர் அறை. “டேய் எய்ற்றி சிக்ஸ்!” திரும்பினால் முன்பின் பார்த்திராத ஒரு பெரிய மனிதர், கண்ணில் தண்ணீர் முட்ட, என்னைக் கட்டிப்பிடித்தார். “என்னைத் தெரியுதே மச்சான்?” தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். “தெரியாதுதான், தலைமயிர் எல்லாம் போட்டுது” என்று அதையும் அவரே சமாளித்துக்கொண்டார். பிறகு என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். “நீ கட்டையன் எல்லே?”

என் உயரம் ஆறடி. சொன்னேன். “அப்ப ஏ.எல். முடியத்தான் வளர்ந்திருக்கிறாய்” என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து நான் கட்டையன். கட்டையன் என்று ஒருவன் உண்மையில் இருந்தானா, ரொறன்ரோ முழங்கால்தான் அந்தக் கட்டையனா என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் என்னை ஞாபகம் இருந்தது. வேலி பாய்ந்து படம் பார்க்கப் போனவன் நான்தானாம். இரசாயன ஆய்வுகூடத்தில் எதையோ கொளுத்தி வாத்தியாரின் புருவத்தைக் கருக்கியவன் நான்தானாம். பக்கத்துப் பெண்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, அதில் எழுத்துப்பிழை விட்டுப் பிடிபட்டவனும் நான்தான். “இல்லை, நான் திருகோணமலை” என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். “ஓமோம், நீ பிறகு திருகோணமலைக்குப் போனதெண்டு கேள்விப்பட்டனான்” என்றார்கள். பொய் சொல்லி நுழைந்தவனை வெளியேற்றப் பல வழிகள் உண்டு. உண்மையைச் சொல்லியும் வெளியே போகவிடாத கூட்டத்தை அங்கேதான் பார்த்தேன்.

பட்ச் என்பது அங்கே வெறும் வருடம் இல்லை. வயது, சாதகம், பதவி எல்லாம் அதற்குள் அடக்கம். வங்கி முகாமையாளர் ஒருவர், ஊரில் ஆட்கள் கதிரை விட்டு எழும்புகிற ஆள், எங்கள் கொட்டகைக்குள் கைகட்டி நின்றார். ஏன் என்று பார்த்தால் அவர் 87. “தம்பி, போய் மிதிவெடி வாங்கிக்கொண்டு வாரும்” என்று எங்களில் ஒருவர் அவரை அனுப்பினார். போனார். வாங்கி வந்தார், மிதிவெடி என்றால் அங்கே தின்பண்டம். எனக்கு ஒன்று கூடத் தந்து “அண்ணை, சோஸ் வேணுமோ?” என்று கேட்டார். அவர் என்னை விட மூத்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மூட்டு சத்தம் போடுவதில் இருந்தே தெரிந்தது. அதே நேரம் 85 ஒன்று கொட்டகைக்குள் தலையை நீட்டியது. உடனே எங்கள் ஆட்கள், பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள், சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். 85க்கு 84ஐக் கண்டால் நடுக்கம். 84 யாரைக் கண்டு நடுங்கும் என்று தேடிப் போனால் 1904 வரை போகலாம், ஆட்டம் தொடங்கிய வருடம் அதுதான். இந்தக் கணக்கில் முதல் பந்து போட்ட மனிதரின் ஆவிதான் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தின் அதியுயர் அதிகாரி. அவருக்கு யார் மிதிவெடி வாங்கிக் கொடுக்கிறார்களோ தெரியாது.

ஒருவர் தன் பட்ச் என்ன என்று சொல்வதற்குள் மற்றவர் கணக்குப் போட்டு முடித்திருப்பார். “எண்பத்தொம்பதோ? அப்ப நீர் எங்கட தம்பியின்ர மச்சானோட படிச்சிருப்பீர்.” இரண்டு தரம் சோதனை எழுதியவர் பாடு பெரும்பாடு. அவர் 88ஆ, 89ஆ? இரண்டு கொட்டகையிலும் சாப்பிடலாமா, இரண்டிலும் சாப்பிடக்கூடாதா? இதற்கென்றே ஒரு கூட்டம் கூடிப் பேசியது, ஆட்டத்தின் இரண்டாம் நாள் காலை முழுக்க. அங்கே மைதானத்தில் பையன்கள் வெள்ளை உடுப்போடு வெயிலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கக் கொட்டகையிலும் ஏறக்குறைய எல்லாருடைய முதுகும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாண்ட் அடிக்கும்போது மட்டும் திரும்புவார்கள், ஆடுவதற்காக. ஒரு பையன் அற்புதமாக ஒரு பிடி எடுத்தான். கைதட்டியது நானும் ஐஸ்கிறீம் விற்ற அண்ணையும்தான். அவன் எந்தப் பக்கத்துப் பையன் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அத்தான் எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லமாட்டேன். மற்றப் பக்கத்திலும் எங்களுக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். கல்லூரி இரண்டில் ஒன்று வெஸ்லியன் மிசனரிமார் 1816இல் தொடக்கியது, மற்றது சர்ச் மிசனரிமார் 1823இல் தொடக்கியது. இரண்டு பகுதியும் இங்கிலாந்தில் இருந்து ஒரே வேதப்புத்தகத்தோடு வந்தவர்கள்தான். பிறகு இப்படி ஆகும் என்று அவர்களும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

என் யோசனைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இருக்கிற மருமகன் ஒவ்வொரு புதுவருடத்துக்கும் படம் அனுப்புவான், ஏதாவது ஒரு விளையாட்டரங்கில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நிற்பான். அங்கே பல்கலைக்கழக உதைபந்து. உதைபந்து என்று பெயர், கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சிறப்பு என்னவென்றால், பருவம் முடிந்து நடக்கிற அந்தப் பெரிய ஆட்டங்களுக்கு இரண்டு அணியும் பெரும்பாலும் தங்கள் ஊரை விட்டு மூன்றாவது ஊர் ஒன்றுக்குப் போகவேண்டும். முதலாவது 1902இல் கலிபோர்னியாவின் பசடேனாவில் நடந்தது. மிச்சிகன் 49, ஸ்ரான்போர்ட் பூச்சியம். தோற்றவர்கள் நேரம் முடிய முன்னமே “காணும்” என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். நடத்தினவர்களுக்கு வெறுத்துப்போய், பிறகு சில வருடம் பந்தை விட்டுவிட்டு உரோமாபுரி பாணியில் குதிரை இரத ஓட்டம் வைத்தார்கள். 1916இல்தான் பந்து திரும்பி வந்தது. இதிலே கவனிக்கவேண்டியது மூன்றாவது ஊர் என்கிற விசயம். எல்லாரும் அந்நியர். எல்லாருக்கும் வழி தெரியாது. எல்லாருக்கும் லொட்ஜில் கொசுக்கடி. ஒருவன் வந்து உங்கள் முதுகில் அறைய முடியாது. அப்படிப் பார்த்தால் எங்கள் நாட்டில் அதற்குப் பொருத்தமான ஊர் —

கைத்தொலைபேசி அடித்தது. 86 பட்ச் குழு. ஓம், என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். குழுப்படம் எடுத்தபோது “கட்டையா, நடுவில நில்” என்று இழுத்துவிட்டு, நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது விடியற்காலை நாலு மணிக்கு இலண்டன் பேசும், ஆறு மணிக்கு மெல்பேண், மத்தியானம் முழுக்க ரொறன்ரோ தூங்காமல் இருக்கும். காலை வணக்கம், முருகன் படம், முழங்கால் எக்ஸ்ரே. வெளியேறலாம் என்று ஒருநாள் பொத்தானில் விரலை வைத்தேன். “கட்டையன் வெளியேறினார்” என்று அங்கே விழுமே, அதற்குப் பிறகு ஆறு நாட்டில் இருந்து என்னைச் சமாதானப்படுத்த அழைப்பு வரும். விரலை எடுத்துவிட்டேன்.

அத்தானிடம் ஒருநாள் கோபமாகவே கேட்டேன், இவர்களுக்கு ஆளை அடையாளம் தெரியாதா, கண் பொட்டையா என்று. அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “வகுப்பில இருந்ததில பாதிப் பேர் எங்கயெண்டு ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. வந்தவனை நீ இல்லையெண்டு சொல்ல ஒருத்தருக்கும் மனம் வராது.”

அதற்கு மேல் சண்டை பிடிக்க முடியவில்லை. ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. எனக்கும் ஒரு வகுப்பு இருந்தது. திருகோணமலையில், கடற்காற்றில் யன்னல் அடித்துக்கொண்டே இருக்கிற ஓர் அறை. தமிழரும் முஸ்லிம்களுமாகப் படித்தோம். ஒரு குழுப்படமும் இருந்தது, 90இல் வீடு எரிந்தபோது அதுவும் போயிற்று. இப்போது ஒருவன் பாரிஸில், ஒருவன் கிண்ணியாவில், ஒருவன் இராமேஸ்வரத்துக்கு வள்ளமேறியவன், அதற்குப் பிறகு சேதி இல்லை. ரீசேட் அடிப்பதற்கு ஆள் இல்லை. அடித்தாலும் முதுகில் அறைவதற்கு ஆள் இல்லை. “அப்ப நீங்களும் ஒரு பிக்மட்ச் தொடங்குங்கோவன்” என்கிறார் அத்தான், ஏதோ பெட்டிக்கடை திறக்கச் சொல்கிறதுபோல. யாரோடு தொடங்குவது? அந்த ஆட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடி, போரில் சில வருடம் விடுபட்டும், 2024இல் 117ஆவது தரம் நடந்தது. நாங்கள் இன்றைக்குத் தொடங்கினால் எங்கள் 117ஆவது ஆட்டத்துக்கு மிதிவெடி விற்பவனின் பாட்டனே இனித்தான் பிறக்கவேண்டும். மான் வேண்டுமானால் வந்து பார்க்கும்.

இந்த நிலையில் நேற்று குழுவில் தீர்மானம் ஒன்று நிறைவேறியிருக்கிறது. அடுத்த வருடம் பட்ச் இராப்போசனத்தில் தங்கள் காலத்து அதிபரைப் பற்றி ஒருவர் பேசவேண்டுமாம். “கட்டையன்தான் சரி, அவனைத்தான் அவர் கனக்க அடிச்சவர்” என்று மெல்பேண் முன்மொழிய, இலண்டன் வழிமொழிந்திருக்கிறது. வங்கி முகாமையாளர் எந்த வழியாலோ செய்தி அறிந்து எனக்குத் தனியாக வாழ்த்து அனுப்பியிருக்கிறார்.

பத்து நிமிடப் பேச்சு. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன், கண்டிப்பு, கருணை, பிரம்பு என்று எந்த அதிபருக்கும் பொருந்துகிற மாதிரி. பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அத்தானைக் கேட்டேன். அவருக்கும் ஞாபகம் வரவில்லையாம், குழுவில் கேட்டுச் சொல்லட்டாம்.