சண்டை வந்தா நீ ரெடியாக்கும்!

அடேய் பேராண்டி, மீசை முளைக்கறதுக்கு முந்தியே உனக்கு ஜெட்டு முளைச்சிருச்சு. "சண்டை வந்தா விமானப்படைக்கு ஆளை அள்ளுவாங்க தாத்தா, நானும் போயிருவேன்"ங்கற. போ சாமி. காந்தலூர் மேட்டுல ஜீப்பை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா உனக்கு வேர்க்குதே, அதை மட்டும் அங்க வாய் தவறிச் சொல்லிராத.

இப்படி அள்ளின கதை 1940-ல இங்கிலாந்துல நடந்துச்சு. ஃபேக்டரியில விமானம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஓட்டத்தான் ஆள் பத்தல. பயிற்சியை வாரக்கணக்காச் சுருக்கி, ஸ்பிட்ஃபயர்ல பத்திருபது மணி நேரம் உக்காந்த பையன்களைச் சண்டைக்கு அனுப்பினாங்க. பல பேருக்கு முதல் சண்டையே கடைசிச் சண்டை.

ஜெர்மன்காரன் இங்கிலீஷ்காரனுக்கும் மேல கெட்டிக்காரன். 1942 கடைசியில ஸ்டாலின்கிராட்ல சிக்கின படைக்குச் சோறு கொண்டுபோகணும். விமானி பழகற பள்ளிக்கூடத்துல இருந்த யுங்கர்ஸ் விமானத்தையும், சொல்லிக்கொடுத்த வாத்தியாரையும் சேர்த்தே பனிக்குள்ள அனுப்பிட்டான். நிறையப் பேர் திரும்பல. உங்க பாட்டி அடுப்புப் புகையில கட்டித் தொங்கவிட்டிருக்காளே விதைப் பூண்டு, அதை எடுத்து ரசம் வச்சமாதிரி! அடுத்த போகத்துக்கு எதைடா நடுவான்? 1944-ல பெட்ரோலும் தீர்ந்துபோய், அவன் பையன் பழகின நேரம் எதிராளி பழகினதுல பாதிகூட இல்ல.

அமெரிக்காக்காரன் வேற மாதிரி. நல்லாச் சண்டை போட்டவனாப் பார்த்து ஊருக்கு அனுப்பி, "புதுப் பசங்களுக்குச் சொல்லிக்கொடு"ன்னான். ஜப்பான்காரனோ சூரனைச் சாகறவரைக்கும் முனையிலேயே வச்சிருந்தான். சூரன் செத்தான், அவன் கத்த வித்தையும் கூடவே போச்சு.

நம்ம ஆளுங்களுக்கு அமெரிக்காக்காரன் புத்தி உண்டு. வாத்தியாருக்கே பாடம் நடத்தற பள்ளிக்கூடம் 1954-ல இருந்து தாம்பரத்துலதான் இருக்கு. ஆனா காசு எடுத்து வைக்கிற இடத்துல நம்ம வேகம் உனக்குத் தெரியுமே. "பழகற பையனைக் கிரண் பயிற்சி விமானத்துல இருந்து இறக்கி நேரா மிக்-21 சண்டை விமானத்துல ஏத்தாதீங்க, நடுவுல ஒரு பயிற்சி ஜெட் வாங்குங்க"ன்னு விமானப்படை விஷயத்தைப் பார்த்த லா ஃபோன்டேன் குழு 1982-ல சொல்லுச்சு. அந்தப் பயிற்சி ஜெட்டா ஹாக் விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டது 2004-ல. பீதர்ல அது வேலைக்கு வந்தது 2008-ல. குழு எழுதினப்போ தொட்டில்ல கிடந்த பிள்ளை விமானியாவே ஆயிட்டான்! அந்த இடைவெளியில மிக்கோட மல்லுக்கட்டின இளவட்டங்கள்ல எத்தனை பேர் வீடு திரும்பலையோ, அதுல கேலி பேச எனக்கு மனசு வரல.

நீ யோகக்காரன். மிக்-21 2025 செப்டம்பர்ல சண்டிகர்ல ஓய்வு வாங்கிருச்சு. உனக்குத் துண்டிகல்ல பிலாட்டஸ் பயிற்சி விமானம், அப்புறம் கிரண், பீதர்ல ஹாக், அதுக்கப்புறந்தான் ஸ்குவாட்ரன். அங்கேயும் முதல்ல இருந்து பழகணும். தேஜஸ் கிடைச்சு சூலூர்ல போட்டாங்கன்னா, பூண்டு மூட்டையோட உடுமலைக்கு வரும்போது அப்படியே வந்து எட்டிப் பார்ப்பேன்.

இதெல்லாம் பழகி முடிக்கறதுக்குள்ள வருசம் ஓடும்டா. நீ நினைக்கிற சண்டை உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. சரி, விண்ணப்பத்தைப் போடு. நேர்காணல்ல பொழுதுபோக்கு என்னன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லித் தொலைச்சிராத.