டால்ஃபின்களுக்கு நன்றி

2024 ஜூன் 5 அன்று விண்வெளி வீரர்கள் புட்ச் வில்மோரையும் சுனிதா வில்லியம்ஸையும் போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் விண்கலத்தில் ஏற்றி அனுப்பினார்கள். சுமார் எட்டு நாள் பயணம் என்று பேச்சு. இருவரும் 286 நாள் கழித்து, போட்டி நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் வண்டியில் ஃபுளோரிடா கடலில் வந்து இறங்கினார்கள். சுற்றிலும் டால்ஃபின்கள் துள்ளின. போதாதா? உலகமே உருகிவிட்டது. ஓட்டை வண்டியில் ஆளை ஏற்றியது யார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஓட்டை என்பது என் வாய்க்கொழுப்பு அல்ல. ஏவும் முன்பே ஹீலியம் கசிந்தது. நாசாவுக்கும் தெரியும், போயிங்குக்கும் தெரியும். சின்னக் கசிவுதான், சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டு அப்படியே கிளப்பினார்கள். மேலே போனதும் ஒரு கசிவு ஐந்தானது. விண்வெளி நிலையத்தை நெருங்கும் நேரம் பார்த்து உந்துபொறிகளில் ஐந்து படுத்துக்கொண்டன. வண்டி முழுக் கட்டுப்பாட்டில் இல்லாத கட்டமும் வந்தது என்று வில்மோரே பின்னால் சொன்னார்.

வண்டியின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். 2019இல் ஆளில்லாமல் போனபோது கடிகாரத்தில் 11 மணி நேரப் பிழை. நிலையத்தை எட்டாமலே திரும்பியது. 2021இல் 13 வால்வுகள் இறுகி, கிளம்பாமலே கொட்டகைக்குப் போனது. 2023இல் உள்ளே கம்பிகளைச் சுற்றியிருந்த டேப்பே தீப்பிடிக்கக்கூடியது என்று கண்டுபிடித்தார்கள். இந்தத் திருப்பணிக்கு 2014இல் நாசா போயிங்குக்கு ஒப்பந்தம் போட்ட தொகை 420 கோடி டாலர். அதே வேலைக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. விலை மாறாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மேற்கொண்டு 28 கோடிக்கும் மேல் கொடுக்கச் சம்மதித்ததை நாசாவின் சொந்தத் தணிக்கையே குத்திக்காட்டியது.

‘அவர்கள் சிக்கிக்கொள்ளவில்லை’ என்று வாரக்கணக்கில் ஓதினார்கள் அதிகாரிகள். ஆகஸ்ட் 24 அன்று, வண்டி வெறுமையாகத்தான் திரும்பும் என்று நாசா அறிவித்த மேடையில் போயிங்காரர் ஒருவரையும் காணோம். செப்டம்பரில் காலி வண்டி பத்திரமாகத் தரையிறங்கியதும், ஆள் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்று விளக்கம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க, விண்வெளியில்கூடச் சோறு கிடைக்கிறது பாருங்கள்.

பிறகு அரசியல் வந்தது. பைடன் கைவிட்டார், நாங்கள்தான் மீட்கிறோம் என்று டிரம்பும் மஸ்க்கும் முழங்கினார்கள். ஆனால் இவர்களுக்காக இரண்டு இருக்கை காலியாக விட்ட ஸ்பேஸ்எக்ஸ் வண்டி 2024 செப்டம்பர் முதலே மேலே காத்துக்கொண்டிருந்தது. அந்த இருக்கைகளுக்காகப் பயணத்தை இழந்த ஜீனா கார்ட்மன், ஸ்டெஃபனி வில்சன் பெயர்களை யார் சொன்னார்கள்? கூடுதல் நாட்களுக்கு என்ன சம்பளம் என்று கேட்டபோது, கைச்செலவுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று தெரிந்தது. டிரம்ப், தன் சட்டைப்பையிலிருந்து தருவதாகச் சொன்னார். 420 கோடி ஒப்பந்தம் பெற்றவர்களின் சட்டைப்பையை யாரும் தொடவில்லை.

நாம் என்ன செய்தோம்? குஜராத்தின் ஜுலாசன் கிராமத்தில் அணையா விளக்கு எரிந்தது, திரும்பியதும் வெடி வெடித்தது. அது சுனிதாவின் தந்தையின் ஊர். அந்த அன்பைக் குறை சொல்ல மாட்டேன். தொலைக்காட்சிகளைத்தான் சொல்கிறேன். ‘இந்தியாவின் மகள்’ என்று மூச்சுக்கு மூச்சு அலறியவர்களுக்கு அதே வண்டியில் போன வில்மோர் கண்ணில் படவேயில்லை. அவருக்கு நம் பக்கம் சொந்த ஊர் கிடையாதே! பகவத் கீதை, பிள்ளையார், சமோசா என்று எல்லாவற்றையும் பேசினோம். ஹீலியத்தைப் பேச வாய் வரவில்லை. தைரியசாலி என்று மாலை போட்டுவிட்டால், அந்தத் தைரியத்தை வேறு வழியில்லாமல் காட்டவைத்தவன் மாலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அவனுக்கு வசதியான பக்தி அது.

நாளை இந்தியாவின் ககன்யான் விண்கலமும் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பும். அதற்காகத் தேர்வான நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தேங்காய் உடைக்கட்டும், சூடம் ஏற்றட்டும். அதற்கு முன்னால், எந்தச் சோதனை தோற்றது, எதைச் சரிசெய்தீர்கள், எதை அப்படியே விட்டீர்கள் என்று கேளுங்கள். கேட்பவனைத் தேசத்துரோகி என்பார்கள். அப்போதும் கேளுங்கள்.